பயிற்சியின் முழுக் கணக்கு

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையோடு இப்போது 'வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை' என்ற ஒன்றும் சேர்ந்து வருகிறது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது 'செபி'யின் விதி. ஊழியர் பயிற்சிக்கென்று அதில் ஓர் அட்டவணை உண்டு. உடல்நலம், பாதுகாப்பு குறித்த பயிற்சி எத்தனை பேருக்கு அளிக்கப்பட்டது, திறன் மேம்பாட்டுப் பயிற்சி எத்தனை பேருக்கு, அவர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, மொத்த ஊழியரில் அது எத்தனை சதவீதம் என்பன அதில் நிரப்பப்படுகின்றன.

ஒரு மணி நேரம் இணையவழி உரை கேட்டவரும், ஆறு மாதம் இயந்திரத்தின் முன் நின்று தொழில் கற்றவரும் அந்த அட்டவணையில் ஆளுக்கு ஓர் எண்தான். அந்தப் பயிற்சிக்கு என்ன செலவானது, அதை யார் ஏற்றார்கள், பயிற்சிக் காலத்தில் ஊதியம் தரப்பட்டதா என்ற கேள்விகளுக்கு அங்கே கட்டமே இல்லை. தலைகளை எண்ணுகிறோம், செலவை எண்ணுவதில்லை.

இது கணக்காளர்களின் தனிப்பட்ட கவலை என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. எண்ணப்படாத செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. அது வேறொருவர் தோளுக்கு மாறுகிறது. பெரும்பாலும், அதை மறுத்துப் பேசும் வலிமை குறைந்தவரின் தோளுக்கு. முறையான தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்கள், 15 முதல் 29 வயதினரில், ஐந்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு என்று 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு கூறுகிறது. இந்த நாட்டில் பயிற்சி ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதி, நாம் போடாமல் விட்ட இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கியல் விதியைப் பார்ப்போம். இந்தியக் கணக்கியல் தரநிலை 38, பயிற்சிக்காகச் செலவிடும் பணத்தைச் சொத்தாகக் காட்டக் கூடாது, செலவான அந்தக் காலத்திலேயே செலவாக எழுதிவிட வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய தரநிலை 26-உம் அதையே சொன்னது. இந்த விதியில் நியாயம் இருக்கிறது. ஒரு பொருளைச் சொத்து என்று சொல்ல, அதன் பயன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். திறன் என்பது மனிதனுக்குள் இருக்கிறது. மனிதன் நிறுவனத்தின் உடைமை அல்ல. அவன் நாளை விலகிப் போகலாம். ஆகவே, அந்த விதியை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால், அதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு தொழிற்சாலை ரூ.30 லட்சத்துக்கு ஒரு சிஎன்சி இயந்திரம் வாங்கினால், அந்தத் தொகை பல ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. இருப்புநிலைக் குறிப்பில் அந்த இயந்திரம் சொத்தாக நிற்கிறது. அதை இயக்கும் தொழிலாளிக்கு அளித்த பயிற்சியோ அதே காலாண்டின் லாபத்திலிருந்து முழுவதுமாகக் கழிந்துவிடுகிறது. இயந்திரம் வாங்குவது முதலீடு, அதை ஓட்டக் கற்பிப்பது செலவு என்ற மனநிலை இவ்வாறு உருவாகிறது. விற்பனை சரியும் ஆண்டில் மேலாளரின் கத்தரி எந்தத் தலைப்பை நோக்கி முதலில் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், 'பயிற்சிச் செலவு' என்ற தலைப்பின் கீழ் எழுதப்படும் தொகை உண்மைச் செலவின் ஒரு சிறு பகுதி மட்டுமே என்பதாகும். மீதி வேறு வேறு தலைப்புகளுக்குள் மறைந்து கிடக்கிறது. கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தரத் தொழிற்கூடம் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்குதான். ஆனால் எண்களை மாற்றிப் போட்டு, எந்தத் தொழிற்கூடத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

புதிதாக 20 பேர் சேர்கிறார்கள். ஆறு வாரப் பயிற்சி. வெளியிலிருந்து வரும் பயிற்றுநருக்குக் கட்டணம் ரூ.1.5 லட்சம், இடம், பாடப்பொருள், உணவு ஆகியவற்றுக்கு ரூ.50,000. பேரேட்டில் 'பயிற்சி' என்று எழுதப்படுவது இந்த ரூ.2 லட்சம்தான். தலைக்கு ரூ.10,000. முதலாளியைக் கேட்டால் இந்த எண்ணைத்தான் சொல்வார்.

இனி மறைந்திருப்பவை. மாத ஊதியம் ரூ.15,000 என்றால், ஒன்றரை மாதத்துக்கு 20 பேரின் ஊதியம் ரூ.4.5 லட்சம். வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ ஆகியவற்றுக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு ஏறத்தாழ 16 சதவீதம், அது ரூ.72,000. இவை 'சம்பளம்' என்ற தலைப்பில் கரைந்துவிடும். ரூ.30,000 ஊதியம் பெறும் மூத்த தொழிலாளர்கள் நால்வர், தங்கள் நேரத்தில் பாதியைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் செலவிட்டால், அதன் மதிப்பு ரூ.90,000. இரண்டு இயந்திரங்களை நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் 36 வேலை நாள்களுக்குப் பயிற்சிக்கென ஒதுக்கினால், மணிக்கு ரூ.400 என்ற கணக்கில் ரூ.1,15,200. கற்கும்போது கெட்டுப்போகும் உலோகமும் உடையும் வெட்டுக்கருவிகளும் ரூ.60,000.

பயிற்சி முடிந்ததும் செலவு முடிந்துவிடுவதில்லை. முதல் மூன்று மாதங்களில் புதியவர் முழுத் திறனில் சராசரியாக 70 சதவீதம்தான் உற்பத்தி செய்கிறார், ஊதியம் மட்டும் முழுமையாகப் பெறுகிறார் என்று கொண்டால், அந்த 30 சதவீதக் குறைவின் மதிப்பு 20 பேருக்கு ரூ.2.7 லட்சம். எல்லாவற்றையும் கூட்டினால் ரூ.12,57,200 வருகிறது. பேரேட்டில் தெரிந்த தொகையைப்போல ஆறு மடங்குக்கும் அதிகம்.

நேர்மையான கணக்கு என்றால் கழிக்க வேண்டியதையும் கழிக்க வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே புதியவர்கள் விற்பனைக்கு ஏற்ற பொருள்கள் சிலவற்றைச் செய்திருப்பார்கள். அதன் மதிப்பு ரூ.1.5 லட்சம் என்றால், நிகரச் செலவு ரூ.11,07,200, தலைக்கு ஏறத்தாழ ரூ.55,000. ஓராண்டுக்குள் எட்டுப் பேர் விலகிவிட்டால், நிலைத்து நிற்கும் பன்னிரண்டு பேருக்குத் தலைக்கு ரூ.92,000-ஐத் தாண்டுகிறது. முதலாளி மனத்தில் வைத்திருக்கும் ரூ.10,000-க்கும் இந்த ரூ.92,000-க்கும் இடையிலான தூரத்தில்தான் நம்முடைய பயிற்சிக் கொள்கையின் குழப்பங்கள் எல்லாம் குடியிருக்கின்றன.

'சிறு தொழிற்கூடங்களில் இத்தனை கணக்கு யார் போடுவார்கள்?' என்று கேட்கலாம். எழுத்தில் போடுவதில்லை என்பது உண்மை. ஆனால், அனுபவத்தில் அவர்கள் இதை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். புதியவரைப் பழக்குவது கையைக் கடிக்கும் வேலை, பழகியவரைப் பக்கத்துத் தொழிற்கூடத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொள்வது லாபம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் இவ்வாறே எண்ணினால், கற்பிப்பவர் எவரும் இருக்கமாட்டார். ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் மட்டும் எல்லாத் தொழில் சங்கக் கூட்டங்களிலும் கேட்கும்.

பொருளாதாரத்தில் இது பழைய சிக்கல். 1964-இல் வெளிவந்த மனித மூலதனம் பற்றிய நூலில் கேரி பெக்கர் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத்திறன் ஒரு வகை. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தில் மட்டும் பயன்படும் தனித்திறன் மற்றொரு வகை. பொதுத்திறனுக்கான பயிற்சியின் பலனைத் தொழிலாளி எங்கு போனாலும் எடுத்துச் செல்லலாம் என்பதால், அதற்கான செலவை நிறுவனம் ஏற்காது. பயிற்சிக் காலத்தில் குறைந்த ஊதியம் பெறுவதன் மூலம் தொழிலாளியே அதைச் செலுத்துகிறார் என்பது அவர் வாதம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் இதைக் கற்பித்திருக்கிறேன். ஏட்டளவில் அழகான வாதம்.

நடைமுறை அவ்வளவு நேர்த்தியானதல்ல. பொதுத்திறனுக்கும் நிறுவனங்கள் செலவு செய்வதை உலகெங்கும் காண்கிறோம். ஏன் என்று ஆராய்ந்த டேரன் அசெமோக்லுவும் யோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேயும், தொழிலாளர் சந்தை முழுமையான போட்டிச் சந்தை அல்ல என்பதைக் காரணமாகக் காட்டினர். தான் பயிற்றுவித்தவரின் திறமை பயிற்றுவித்த நிறுவனத்துக்குத் தெரியும். வெளியாருக்கு முழுமையாகத் தெரியாது. வேலை மாறுவதற்கும் ஊழியருக்குச் செலவும் தயக்கமும் உண்டு. ஆகவே, ஊழியரின் உற்பத்தித்திறன் உயரும் அளவுக்கு ஊதியம் உயர்வதில்லை. அந்த இடைவெளி நிறுவனத்துக்கு லாபமாகிறது. பயிற்சியின் பலனில் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்றால், செலவிலும் அதற்குப் பங்கு இருப்பதுதான் முறை. எவ்வளவு பங்கு என்பதை முழுக் கணக்கு இல்லாமல் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு இல்லாத இடத்தில், வலியவர் சொல்வதே கணக்காகிவிடுகிறது.

நம் நாட்டில் இது எப்படி நடக்கிறது? முதல் வழி, உதவித்தொகை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழில் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். தொழில் பழகுநர் என்பவர் சட்டத்தின் பார்வையில் கற்பவர், தொழிலாளி அல்லர். ஆகவே, பெரும்பாலான தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்துவதில்லை. அவருக்கு ஊதியம் இல்லை, உதவித்தொகைதான். உண்மையில் கற்பிக்கும் நிறுவனத்துக்கு இந்தச் சலுகை நியாயமானது. கற்பிக்காமல், நிரந்தரத் தொழிலாளியின் வேலையை அவரிடம் வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்கு இது குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வாசல். இரண்டு நிறுவனங்களையும் பிரித்தறிய ஒரே வழி, பயிற்சிக்கு நிறுவனம் என்ன செலவிட்டது, பழகுநரின் உழைப்பால் என்ன பெற்றது என்ற இருபக்கக் கணக்கு. அதை எவரும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. மேற்கு, தென் மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்களைப் பயிற்சி பெறுபவர்கள் என்று எழுதிக்கொண்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கவைத்து, குறைந்த தொகை கொடுத்து வேலை வாங்கினார்கள். காலக்கெடு முடிந்தால் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. நடுவில் உடல்நலம் கெட்டு வெளியேறினால் அந்தத் தொகையே கைக்கு வராமல் போகும் நிலை. நூற்பாலையின் பல வேலைகளைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம் என்பது அந்தத் தொழிலை அறிந்தவர்களுக்குத் தெரியும். மீதிக் காலம் முழுவதும் பயிற்சி என்ற சொல், கூலியைக் குறைக்கும் கருவியாக மட்டுமே பயன்பட்டது.

இரண்டாவது வழி, படித்த இளைஞர்களைத் தாக்குவது: பிணைப்பத்திரம். பேச்சு வழக்கில் 'பாண்டு'. இத்தனை ஆண்டுகள் வேலை செய்வேன், இடையில் விலகினால் பயிற்சிச் செலவாக இவ்வளவு லட்சம் தருவேன் என்று வேலையில் சேரும் நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். என் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்தார். ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்து பத்து மாதங்களில், தந்தையின் உடல்நிலை காரணமாக ஊர் திரும்ப வேண்டிய கட்டாயம். பிணைத்தொகை ரூ.2 லட்சத்தைக் கட்டினால்தான் அசல் சான்றிதழ்களும் பணி விடுவிப்புக் கடிதமும் தரப்படும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பெற்ற பயிற்சி மூன்று வாரம். அந்த மூன்று வாரத்துக்கு ரூ.2 லட்சம் எப்படி ஆனது என்று எழுத்தில் கேட்கும்படி சொன்னேன். கேட்டார். பதில் வரவேயில்லை. குடும்பம் கடன் வாங்கிப் பணத்தைக் கட்டியது.

சட்டம் இந்த இடத்தில் வாய் மூடி இருக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் தர வேண்டியது 'நியாயமான இழப்பீடு' என்கிறது. பத்திரத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. இழப்பை நிரூபிக்க இயலும் இடங்களில் நிரூபித்தே ஆக வேண்டும் என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பயிற்சிச் செலவு கணக்கிடக்கூடியது. ஆகவே, பிணைத்தொகை கேட்கும் நிறுவனம் கணக்கையும் காட்ட வேண்டும் என்பதே இதன் இயல்பான பொருள்.

2025 மே 14 அன்று விஜயா வங்கி வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காட்டி, 'பாண்டு செல்லும் என்று உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் ரூ.2 லட்சம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால், எந்தக் காரணத்தால் ஏற்றது என்பதையும் பார்க்க வேண்டும். பொதுத்துறை வங்கி தன் விருப்பப்படி ஆளை நியமித்துக்கொள்ள முடியாது; விளம்பரம் செய்து, வெளிப்படையான போட்டித் தேர்வு முறையைப் பின்பற்ற வேண்டும்; ஒருவர் திடீரென விலகினால் அந்த நடைமுறை முழுவதையும் மீண்டும் நடத்தும் செலவு ஏற்படும் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. விலகியவர் முதுநிலை மேலாளர் நிலையில் நல்ல ஊதியம் பெற்றவர். அவரது நிலைக்கு அந்தத் தொகை மிகையல்ல என்றும் கண்டது. அதாவது, செலவுக்கும் தொகைக்கும் இடையிலான பொருத்தத்தை எடைபோட்ட பிறகே நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. மாதம் ரூ.20,000 பெறும் புதிய பட்டதாரியிடம் மூன்று வார வகுப்புக்காக அதே ரூ.2 லட்சத்தைக் கேட்க அந்தத் தீர்ப்பு எவருக்கும் உரிமச் சீட்டு வழங்கவில்லை.

மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஆறு வாரப் பயிற்சி, அதன் பிறகான மூன்று மாதத் தேக்கம் எல்லாவற்றையும் சேர்த்த நிகரச் செலவே தலைக்கு ரூ.55,000-தான் வந்தது. அந்தத் தொழிற்கூடம் இரண்டு ஆண்டுப் பிணை கேட்டால், ஓராண்டு கழித்து விலகுபவர் தர வேண்டியது அதில் பாதி. அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் இழப்பீடு அல்ல, தண்டம். முழுக் கணக்கு முதலாளிக்கு எதிரானது என்று நினைக்க வேண்டியதில்லை. ரூ.10,000 மட்டுமே செலவானதாகப் பேரேட்டில் எழுதி வைத்திருப்பவரால் ரூ.55,000 இழப்பை எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது. கணக்கு இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது வழி, காலம். 2025 பிப்ரவரியில் மைசூரு பயிற்சி வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட புதிய பட்டதாரிகளை இன்ஃபோசிஸ் விடுவித்தது. உள்மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். அவர்களில் பலர் 2022-இல் பணி வாய்ப்புக் கடிதம் பெற்று, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்து சேர்ந்தவர்கள். நிறுவனம் பயிற்சிக்காகச் செலவிட்ட தொகை அதன் கணக்கில் ஏதோ ஒரு தலைப்பில் இருக்கும். இளைஞர் காத்திருந்த காலம், அந்தக் காலத்தில் அவர் ஏற்காமல் விட்ட வேறு வேலைகள் ஆகியவை எந்தக் கணக்கிலும் இல்லை. பொருளாதாரத்தில் இதை வாய்ப்புச் செலவு என்கிறோம். பயிற்சியின் முழுச்செலவு என்று பேசும்போது, கற்பவர் இழப்பதையும் சேர்க்காவிட்டால் அது முழுச்செலவு ஆகாது.

நான்காவது வழி, பொதுப்பணம். தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டத்தில், மாதம் ரூ.5,000 உதவித்தொகையில் ரூ.4,500 அரசின் பணம்; நிறுவனத்தின் பங்கு ரூ.500, அதுவும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ரூ.99,446 கோடி வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில், புதிய பணியிடங்களுக்காக நிறுவனத்துக்கு மாதம் ரூ.3,000 வரை இரண்டு ஆண்டுகள் வழங்கப்படுகிறது. உற்பத்தித் துறைக்கு இது நான்கு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படும். புதியவரை எடுத்துப் பழக்கும் சுமையில் ஒரு பகுதியை அரசு ஏற்பதாகவே இதைப் பொருளாதார நோக்கில் பார்க்கலாம்.

இந்தத் திட்டங்களின் நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், ஒரு கேள்வி எழுகிறது. அரசு உதவாவிட்டாலும் எப்படியும் பயிற்சி அளித்திருக்கக்கூடிய நிறுவனத்துக்கு இந்தப் பணம் போகிறதா, உதவி கிடைத்தால் மட்டுமே பயிற்சி அளிக்கக்கூடிய நிறுவனத்துக்குப் போகிறதா? பயிற்சியில் நிகர லாபம் காணும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் மானியம் வீண். நிகர நட்டம் காணும் சிறு தொழிற்கூடத்துக்கு ரூ.1,500 போதவே போதாது. இரண்டையும் பிரித்தறியும் தரவு நம்மிடம் இல்லாதவரை, ஒரே அளவுச் சட்டையை எல்லாருக்கும் தைத்துக்கொண்டிருப்போம்.

இந்தத் தரவைத் திரட்ட முடியாது என்று சொல்வதற்கில்லை. ஜெர்மனி அரை நூற்றாண்டுக்கு முன்பே திரட்டத் தொடங்கிவிட்டது. தொழிற்பயிற்சியின் செலவையும் நிதியாதாரத்தையும் ஆராய ஃப்ரீட்ரிஷ் எடிங் தலைமையில் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, 1974-இல் அறிக்கை தந்தது. பழகுநரின் உதவித்தொகை, பயிற்றுநரின் நேரம், இயந்திரம், பொருள் என்று எல்லாவற்றையும் கூட்டி, பழகுநர் செய்த உற்பத்தியின் மதிப்பைக் கழித்து நிகரச் செலவைக் காணும் முறை அங்கே நிலைபெற்றது. அந்நாட்டின் கூட்டாட்சித் தொழிற்கல்வி நிறுவனம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிறது. 2017-18 பயிற்சியாண்டில் ஒரு பழகுநருக்கு ஆண்டுக்கு மொத்தச் செலவு சராசரியாக ஏறத்தாழ 20,900 யூரோ. அவர் உழைப்பால் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 14,400 யூரோ. நிகரச் செலவு ஏறத்தாழ 6,500 யூரோ என்று அது கண்டது. வெளியிலிருந்து அனுபவசாலியைத் தேடிப் பிடிக்கும் செலவு மிச்சமாவதைக் கணக்கில் கொண்டால், பல நிறுவனங்களுக்கு இந்த நிகரச் செலவும் ஈடாகிவிடுகிறது. பயிற்சி இடங்கள், உதவித்தொகை குறித்து முதலாளிகள், தொழிற்சங்கம், அரசு ஆகிய மூன்று தரப்பும் பேச உட்காரும்போது, எல்லார் கையிலும் ஒரே எண் இருக்கிறது. வாதம் எண்ணைப் பற்றியதாக இல்லாமல், பங்கைப் பற்றியதாக இருக்கிறது.

வேறு சில நாடுகள் எல்லா நிறுவனங்களிடமும் சிறு தொகையை வரியாகத் திரட்டிப் பயிற்சி தருவோருக்குத் திருப்பித் தருகின்றன. சிங்கப்பூரில் ஊதியத்தில் 0.25 சதவீதம், ஓர் ஊழியருக்கு மாதம் அதிகபட்சம் 11.25 சிங்கப்பூர் டாலர் வரை, திறன் மேம்பாட்டுத் தீர்வை உண்டு. பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல், ஆண்டு ஊதியச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 0.5 சதவீதம் செலுத்துகின்றன. பயிற்றுவிக்காமல் பிறர் பயிற்றுவித்தவரை இழுத்துக்கொள்ளும் நிறுவனமும் பங்கு செலுத்த வேண்டியிருக்கும் என்பது இதன் நன்மை. ஆனால், பிரிட்டனின் அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஏற்கெனவே பணியிலிருக்கும் மேலாளர்களின் மேலாண்மைப் படிப்புகளுக்குத் தொழில் பழகுநர் பயிற்சி என்று பெயர் சூட்டி, கட்டிய வரியை மீட்டுக்கொண்ட நிறுவனங்கள் பல. பெயரைப் பார்த்துப் பணம் கொடுத்தால் பெயரைத்தான் மாற்றுவார்கள். செலவின் உள்ளடக்கத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கணக்குக் கேட்டால், பிணைத்தொகையை நியாயப்படுத்த நிறுவனங்கள் செலவை ஊதிப் பெருக்கிக் காட்டமாட்டார்களா என்று கேட்கலாம். காட்ட முயல்வார்கள். அதனால்தான் இருபக்கக் கணக்கு வேண்டும் என்கிறேன். தலைப்புகளைச் சட்டம் வரையறுக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் அவர் உழைப்பால் நிறுவனம் பெற்றதைக் கழித்துக் காட்டுவது கட்டாயமாக வேண்டும். ஊதிப் பெருக்கிய எண்ணை மறுத்து வாதாடலாம். இல்லாத எண்ணோடு எவரும் வாதாட முடியாது.

என்னுடைய யோசனைகள் நான்கு. முதலாவது, செபியின் அறிக்கைப் படிவத்தில் இப்போதுள்ள பயிற்சி அட்டவணையில் மூன்று கட்டங்களைச் சேர்க்க வேண்டும்: ஓர் ஊழியருக்குச் சராசரிப் பயிற்சி நேரம், அந்த நேரத்துக்கு ஊதியம் தரப்பட்டதா என்ற விவரம், மறைமுகச் செலவு உள்ளிட்ட தலைச்செலவு. கணக்கியல் தரநிலையை மாற்றாமலேயே இதைச் செய்யலாம். இரண்டாவது, பயிற்சியின் பெயரால் பிணைப்பத்திரம் வாங்கும் நிறுவனம், பயிற்சி முடிந்தவுடன் தலைப்புவாரியான செலவுக் கணக்கை ஊழியரிடம் எழுத்தில் தர வேண்டும். பிணைத்தொகை அந்த நிகரச் செலவைத் தாண்டக் கூடாது. பணிபுரியும் ஒவ்வொரு மாதமும் அது குறைந்துகொண்டே வர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும்.

மூன்றாவது, தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பில், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது, பயிற்சியின் செலவும் பலனும் குறித்த தனிப் பகுதி இடம்பெற வேண்டும். மானியம் யாருக்கு, எவ்வளவு என்பதை அந்தத் தரவைக் கொண்டு முடிவுசெய்யலாம். நான்காவது, தனித்து நின்று பயிற்சிச் செலவைத் தாங்க முடியாத சிறு தொழில்களுக்கு, கோவை, திருப்பூர், ஓசூர் போன்ற தொழில் தொகுப்புகளில் பொதுப் பயிற்சிக் கூடங்கள் வேண்டும். ஆளை இழுத்துக்கொள்ளும் போட்டியில் ஈடுபடும் தொழிற்கூடங்களே சேர்ந்து அவற்றின் செலவைப் பகிர்ந்துகொண்டால், ஒருவர் பயிற்றுவித்தவர் மற்றவரிடம் போவது எவருக்கும் நட்டமாகாது.

திறன் இந்தியா, திறன் தமிழ்நாடு என்று நாம் உரக்கப் பேசுகிறோம். எத்தனை லட்சம் பேருக்குப் பயிற்சி என்ற எண் ஒவ்வோர் ஆண்டும் மேடைகளில் முழங்கப்படுகிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், அதற்கு ஆன செலவு எவ்வளவு, அதில் நிறுவனம் ஏற்றது எவ்வளவு, அரசு ஏற்றது எவ்வளவு, கற்க வந்த பிள்ளையும் அவன் குடும்பமும் ஏற்றது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் சேர்த்து எழுதச் சொல்வோம். மூன்றாவது எண் முதல் இரண்டைவிடப் பெரிதாக இருக்கும் இடங்களில் நடப்பதைப் பயிற்சி என்று அழைப்பதை அரசு முதலில் நிறுத்தட்டும்.